‘அதே மாதிரி இன்னொன்னு சொல்லுங்க’: இருண்ட ஆசியத் தொடர்களைச் சிபாரிசு செய்வது எப்படி?

“ஸ்குவிட் கேம் முடிச்சிட்டேன். அதே மாதிரி இருட்டா இன்னொன்னு சொல்லுங்க.” ஈப்போவில் இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் இல்லை. புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்க நிற்கும் இடம், ஃபேக்டரி கேண்டீன், கல்யாணப் பந்தி, சொந்தக்காரர்களின் வாட்சாப் குழு என்று எங்கும் கேட்கிறார்கள். கேட்டதும் ஆளாளுக்குப் பத்துப் பெயரை அள்ளிக் கொட்டுகிறார்கள். கேட்டவர் அதில் ஒன்றையும் பார்ப்பதில்லை. அப்படியே பார்த்தாலும், தனக்குப் பொருந்தாத ஒன்றில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்.

நல்ல சிபாரிசுக்கு ஒரே ஒரு பெயர் போதும். ஆனால் அது கேட்ட ஆளை நினைத்துச் சொன்ன பெயராக இருக்க வேண்டும். அதற்கு நான் கைக்கொள்ளும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். பேராக்கில், அதுவும் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில், இந்த முறை ஏன் வேண்டும் என்பதும் போகப் போகத் தெரியும்.

படி 1: பெயர் சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

“எந்தக் காட்சி மனசை விட்டுப் போகல?” இதுதான் கேள்வி. “எப்படிப்பட்ட கதை பிடிக்கும்?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா இருந்தா சரி” என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

என் அத்தை சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஸ்குவிட் கேமைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தார். அந்தப் பெரிய பொம்மை தலையைத் திருப்பும் காட்சியைத்தான் சொல்வார் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அவர் சொன்னது வேறு. “பொம்மையை விடு. மூக்குல ரத்தம் வழியுது, அந்த ரத்தத்துலயே கைநாட்டு வாங்குறான் பாரு கடன்காரன், அதான் கண்ணுக்குள்ளயே நிக்குது.” முதல் எபிசோடில் சில நொடிகளே வரும் காட்சி அது. தோட்டத்துக் கடையில் பற்று எழுதி, சம்பளம் போட்ட அன்றைக்கே மொத்தத்தையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த தலைமுறை அவருடையது. பட்டணத்துக்கு வந்த பிறகு ஆலோங் எனும் கந்துவட்டிக்காரர்களின் கடனில் சிக்கிய குடும்பங்களையும் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

ஸ்குவிட் கேமுக்கு அடுத்தது என்றால் எல்லாரும் ஜப்பானின் ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’ (2020) பெயரைத்தான் சொல்வார்கள். அதிலும் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சாயல். அத்தைக்கு அதைப் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் எழுந்து போயிருப்பார். அவருக்கு ஏற்றது ‘மை மிஸ்டர்’ (2018, கொரியா, 16 எபிசோட்). பெற்றோர் விட்டுப்போன கடன், காது கேளாத, பேச முடியாத பாட்டி, வீடு தேடி வந்து அடிக்கும் வட்டிக்காரன்: இத்தனையையும் தோளில் சுமக்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணின் கதை. மரண விளையாட்டு ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும் அதே இருட்டு.

பதிலைக் கேட்கும்போது அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு ஆளைப் பற்றியே பேசினால் அவருக்கு வேண்டியது பாத்திரம். ஊரையும் வீட்டையும் தெருவையும் சொன்னால் சூழல். “கடைசி வரைக்கும் யாருன்னே கண்டுபிடிக்க முடியல” என்றால் புதிர். அடுத்த படி சுலபமாகிவிடும்.

படி 2: இருட்டு எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

கொலை நடக்கிற தொடரெல்லாம் ஒரே வகை என்று நினைத்துக் கோக்கும்போதுதான் சிபாரிசு தவறுகிறது. கொரியாத் தொடருக்குக் கொரியாத் தொடர் என்று நாட்டை வைத்துக் கோப்பதும் அப்படித்தான். அந்தத் துன்பத்துக்கு வேர் எது என்று பாருங்கள். வேர் ஒன்றாக இருந்தால் சீனத் தொடரும் தமிழ்த் தொடரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக நிற்கும்.

நம் ஊருக்கு மிக நெருக்கமானது, பிழைப்பு போன ஊரின் இருட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த தோட்டங்களில்தான் நம் முன்னோர் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. துண்டாடலில் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். கோயில், பள்ளிக்கூடம், திடல், பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) அடித்த மணி எல்லாம் ஒரு தலைமுறைக்குள் கலைந்தன. இதை வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு தொடரைப் பார்க்கும்போது மற்றவர்கள் கவனிக்காமல் விடும் இடத்தில் கண் வைக்கிறார்கள்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘தி லாங் சீசன்’ (2023, சீனா, 12 எபிசோட்). வடகிழக்குச் சீனாவில் ஹுவாலின் என்ற கற்பனை ஊர். பெரிய எஃகு ஆலை ஒன்றை நம்பி ஊரே வாழ்கிறது. ஆலையில் ரயில் இன்ஜின் ஓட்டும் வாங் சியாங் அந்த வேலையைத் தன் அடையாளமாக நினைப்பவர். விறைத்த நடையும் ஊருக்கே புத்தி சொல்லும் வாயுமாகத் திரிபவர். 1990களின் கடைசியில் ஆலையில் ஆட்குறைப்பு வருகிறது. அதே காலத்தில் ஒரு கொலையும் நடக்கிறது. மகனைப் பறிகொடுத்த வாங் சியாங், 2016இல் டாக்சி ஓட்டும் கிழவராக அந்தப் பழைய வழக்கைத் திரும்பத் தோண்டுகிறார். ஃபான் வெய் நடித்திருக்கிறார். இயக்குநர் சின் ஷுவாங் இந்தக் கதையை மழையிலும் இருளிலும் எடுக்காமல் மஞ்சள் வெயிலிலும் சோளக்காட்டுப் பச்சையிலும் எடுத்ததுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. ஆட்குறைப்புப் பட்டியல் வரும் பகுதியைத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விளக்கமே தேவைப்படாது.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய தமிழ்த் தொடர் ‘சுழல்’ (2022, 8 எபிசோட்). புஷ்கர், காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது. சிமெண்ட் ஆலையில் தொழிலாளர் போராட்டம், ஆலையில் தீ, காணாமல் போகும் ஒரு பெண், ஊரெல்லாம் மயானக் கொள்ளைத் திருவிழா. தொழிற்சங்கத் தலைவர் குடும்பமும் போலீஸ்காரர் குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தவிப்பதில் ஒரு சிறிய ஊரின் மூச்சு முட்டல் அப்படியே தெரியும். ஸ்குவிட் கேமின் நாயகன் கி-ஹுன்னும் கார் ஃபேக்டரியில் வேலை இழந்தவர்தான். கொரியாவில் 2009இல் சாங்யோங் மோட்டார் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். ஆக, ஸ்குவிட் கேம், சுழல், லாங் சீசன் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கலாம். நாட்டையோ கொலையின் எண்ணிக்கையோ பார்த்துப் பிரிப்பவருக்கு இந்த வரிசை கண்ணில் படவே படாது.

தொடர் பார்த்துப் பழக்கமில்லாத ஒருவரை இந்த வரிசைக்குள் கொண்டுவர வேண்டுமானால் ஒரு படத்தில் தொடங்குங்கள்: சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015). தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன் அப்போயின் கதை. நம் தமிழ், நம் பேச்சு, 1990களின் நம் புறம்போக்கு வீடுகள். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இன்னும் பின்னால் போக வேண்டுமானால் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் தோட்டத்தைக் காட்டும். இந்த இரண்டையும் பார்த்தவரிடம் லாங் சீசனைக் கொடுத்தால் சீனப் பெயர்கள் அவரை மிரட்டாது.

மற்ற வேர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தீராத பழைய வழக்கு: ‘சிக்னல்’ (2016, கொரியா, 16 எபிசோட்). பழைய வாக்கி டாக்கி ஒன்றின் வழியே இரண்டு காலத்துப் போலீஸ்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளின் சாயல் அதில் உண்டு. தொடர் வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2019இல், உண்மைக் கொலையாளி டிஎன்ஏ மூலம் அடையாளம் காணப்பட்டான். செய்யாத கொலைக்காக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவர் 2020இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. தொடரை முடித்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மறுபடி முதலிலிருந்து போடுவார்.

ஊரே ரகசியம் காப்பது: ‘பியாண்ட் ஈவில்’ (2021, கொரியா, 16 எபிசோட்). அந்த ஆண்டு பேக்சாங் விருதுகளில் சிறந்த நாடகம். ‘வதந்தி’ (2022, தமிழ், 8 எபிசோட்) இதற்குச் சரியான ஜோடி.

கொலைகாரனின் குடும்பமும் செத்தவரின் குடும்பமும்: ‘தி வேர்ல்ட் பிட்வீன் அஸ்’ (2019, தைவான், 10 எபிசோட்). சினிமா அரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இரு தரப்பு வீடுகளும் எப்படி நாளை ஓட்டுகின்றன என்பதுதான் முழுக்கதையும். என்னைக் கேட்டால் ஆசியத் தொடர்களில் இதற்கு நிகர் மிகக் குறைவு. இதில் வழக்கறிஞராக வரும் வூ காங்-ரென்தான் நம் நாட்டுப் படமான ‘அபாங் அடிக்’கில் அடையாள அட்டை இல்லாத, காது கேளாத அண்ணனாக நடித்து 2023இல் தங்கக் குதிரை விருது வாங்கியவர். அந்தப் படம் பார்த்தவரிடம் “அதே நடிகர்” என்று சொன்னால் போதும், தொடங்கிவிடுவார். நடிகரைப் பிடித்துக்கொண்டு போவதும் ஒரு நல்ல வழிதான்.

பள்ளிக்கூடக் கொடுமையும் பழிவாங்கலும்: கொரியாவின் ‘தி குளோரி’, எபிசோடுக்கு ஒரு கதை போதும் என்பவருக்குத் தாய்லாந்தின் ‘கேர்ள் ஃப்ரம் நோவேர்’. குழந்தைகளைச் சுற்றிய கதை: ‘மதர்’ (2010இல் ஜப்பான், 2018இல் கொரியா), ‘தி பேட் கிட்ஸ்’ (2020, சீனா, 12 எபிசோட்). போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே கதை நகர வேண்டும் என்பவருக்கு ‘விலங்கு’ (2022, தமிழ், 7 எபிசோட்), அதற்கு மேல் ‘டெல்லி க்ரைம்’.

படி 3: மொழியையும் நேரத்தையும் பாருங்கள்

இதை மறந்தால் எவ்வளவு பொருத்தமான பெயரும் வீண். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெரியவர்களுக்கு ஓடுகிற சப்டைட்டிலைப் படிப்பது பெரும்பாடு. நம் நாட்டில் பெரும்பாலான ஆசியத் தொடர்களுக்கு மலாய், ஆங்கிலம், சீனம் சப்டைட்டில் கிடைக்கும். தமிழ் கிடைப்பது அரிது. ஆகவே பெரியவர்களுக்குத் தமிழிலேயே எடுத்தது, அடுத்து தமிழ் டப்பிங், அதற்கும் அடுத்துதான் சப்டைட்டில் என்று வரிசைப்படுத்துங்கள். டப்பிங் உண்டா என்று நீங்களே தொடரைத் திறந்து மொழிப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதும் மாறும். சப்டைட்டில் மட்டும்தான் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து முக்கியமான இடங்களில் வாயால் சொல்லுங்கள். மை மிஸ்டரை அத்தை அப்படித்தான் பார்த்தார். எல்லா வசனத்தையும் மொழிபெயர்க்க முயலாதீர்கள். “இவன் கடன்காரன் மகன்”, “அவளுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு” என்ற அளவு போதும். மீதியை நடிப்பே சொல்லிவிடும்.

நேரம் அடுத்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பதினாறு எபிசோட் கொரியாத் தொடரைக் கொடுத்தால் நாலாவதில் நின்றுவிடும். அவருக்கு ஆறு எபிசோடில் முடியும் ‘டி.பி.’ (2021, கொரியா, முதல் பாகம்) சரி. ராணுவ முகாமுக்குள் நடக்கும் சித்திரவதையும் அதற்குப் பயந்து ஓடும் பையன்களும்தான் கதை. தீபாவளி விடுமுறைக்குக் கேட்பவருக்குப் பதினாறு எபிசோட் தாராளமாகச் சொல்லலாம்.

படி 4: எச்சரிக்கையைக் கதை கெடாமல் சொல்லுங்கள்

இதில் தயவு செய்து சுணங்காதீர்கள். இருண்ட தொடரைச் சிபாரிசு செய்கிறவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. கேட்பவர் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்கு எப்போதும் தெரிந்திருக்காது.

கதையும் கெடாமல் ஆளும் காயப்படாமல் சொல்ல வழி இருக்கிறது: என்ன வரும் என்பதைச் சொல்லுங்கள், யாருக்கு, யாரால், எந்த எபிசோடில் என்பதை விட்டுவிடுங்கள். சுழலுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: “சின்னப் பிள்ளைங்களுக்கு நடக்கிற பாலியல் கொடுமை வருது அக்கா. காட்சியை விட, விஷயமே கனமா இருக்கும். பரவாயில்லையா?” லாங் சீசனுக்கு: துண்டாக்கப்பட்ட உடல், வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் அனுபவிக்கும் கொடுமை, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர். தி குளோரிக்கு: சூட்டுக்காயம் போடும் காட்சிகள் நேரடியாகவே வரும். ‘நவம்பர் ஸ்டோரி’யில் (2021, தமிழ்) மகள் பார்த்துக்கொள்ளும் அப்பாவுக்கு மறதி நோய், வீட்டில் அப்படி ஒருவரைக் கவனித்துக்கொள்பவருக்கு அதை முன்கூட்டியே சொல்வது மரியாதை.

வீட்டில் துக்கம் நடந்து கருமாதி முடிந்த கையோடு ஒருவர் கேட்டால் நான் இருண்ட தொடர் எதையும் சொல்வதில்லை. “கொஞ்ச நாள் போகட்டும் அண்ணே, நல்லதா ஒன்னு எடுத்து வைக்கிறேன்” என்று தள்ளிப்போடுவேன். தற்கொலை வரும் தொடர்களில் இன்னும் கவனம் வேண்டும். கேட்பவர் பேச்சில் வாழ்க்கையே வெறுத்துப்போன தொனி தெரிந்தால் தொடரை மறந்துவிட்டு ஆளோடு பேசுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது; பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பு ஈப்போவிலும் இயங்குகிறது.

பிள்ளைகள் இருக்கும் வீடா என்றும் கேளுங்கள். ஹாலில் ஒரே டிவி இருக்கும் வீடுதான் நம்மிடம் அதிகம். “பிள்ளைங்க தூங்கினப்புறம் போடுங்க” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

படி 5: ஒரு பெயர், நாலு வரி

இனி செய்தியை எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். அவர் சொன்ன காட்சிக்கும் இந்தத் தொடருக்கும் என்ன உறவு என்று ஒரு வரி. எச்சரிக்கை ஒரு வரி. எத்தனை எபிசோட், எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி. எதுவரை பொறுக்க வேண்டும் என்று ஒரு வரி. இப்படி:

“அண்ணே, சுழல்ல அந்த ஆலைதான் மனசுல நிக்குதுன்னு சொன்னீங்க. தி லாங் சீசன் பாருங்க, அதுவும் ஆலை ஊருதான், வேலை போறதுதான் கதைக்கே அடி. ரத்தம் இருக்கு, பிள்ளையை இழந்த அப்பா கதை, மனசைத் தயார் பண்ணிக்குங்க. 12 எபிசோட், மலாய் சப்டைட்டில் இருக்கான்னு பாத்துட்டு லிங்க் அனுப்புறேன். முதல் ரெண்டு மெதுவா போகும், மூணாவது வரைக்கும் விடாதீங்க.”

எதுவரை பொறுக்க வேண்டும் என்ற வரிதான் முக்கியம். ‘ஸ்ட்ரேஞ்சர்’ (2017, கொரியா, 16 எபிசோட்) தொடக்கத்தில் அரசு வழக்கறிஞர்களும் போலீஸ்காரர்களும் கூட்டமாக வருவார்கள். யார் எவர் என்றே பிடிபடாது. “பாதி பேரை மறந்துட்டாலும் பரவாயில்லை, அந்த உணர்ச்சியே காட்டாத வழக்கறிஞரை மட்டும் பிடிச்சுக்குங்க” என்று சொன்னால் தாண்டிவிடுவார்கள். லாங் சீசன் இரண்டு மூன்று காலங்களில் மாறி மாறிப் போகும். தலைமுடியைப் பார்த்துக் காலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிவையுங்கள். அந்நியப் பெயர்கள் குழப்பும் என்றால் முக்கியமான ஐந்து பேரை உறவு வைத்துச் சொல்லுங்கள்: அப்பா, மச்சான், பழைய போலீஸ், மகன், பியானோ வாசிக்கிற பெண்.

முடிவைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கெட்டவன் பிடிபட வேண்டும். சிக்னல் திறந்த முடிவோடு நிற்பது. அதை முன்பே சொல்லாவிட்டால் பதினாறு எபிசோட் பார்த்தவர் உங்கள் மேல்தான் கோபப்படுவார்.

படி 6: திரும்பக் கேளுங்கள்

ஒரு வாரம் கழித்து “பாத்திங்களா?” என்று கேளுங்கள், “பிடிச்சுதா?” என்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நிறுத்திவிட்டார் என்றால் எந்த இடத்தில் என்று கேளுங்கள். மூன்றாம் எபிசோடில் நிறுத்தியவருக்கு வேகம் போதவில்லை. ஏழாவதில் நிறுத்தியவருக்கு ஏதோ ஒரு காட்சி தாங்கவில்லை. இரண்டுக்கும் அடுத்த சிபாரிசு வேறு. முடித்தவரிடம் முதல் படியில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். வரும் பதிலை ஃபோனில் குறித்துவைத்தால், அடுத்த முறை அவர் கேட்குமுன்பே உங்களிடம் பெயர் தயாராக இருக்கும்.

உங்களுக்கு ஒருவர் தொடர் சொல்லியிருந்தால், பார்த்த பிறகு அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். பாதியில் விட்டிருந்தாலும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அடுத்ததைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது.